கொடுத்த விபரம் எங்கே போகிறது?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றிடம் வேறு எது இல்லாவிட்டாலும் ஒரு பொலித்தீன் பை இருக்கும். அதற்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், பழைய நிவாரண அட்டை என்பன மடித்து வைக்கப்பட்டிருக்கும். செல் விழுந்தபோதும் வெள்ளம் வந்தபோதும் நெல்லையும் மாட்டையும் விட்டுவிட்டு இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் எமது மக்கள். கடதாசியின் பெறுமதியை அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் கடதாசியைக் காப்பது ஒன்று, கடதாசியில் உள்ள விபரத்தைக் காப்பது வேறொன்று. பையைத் தா என்று கேட்டால் ஒருவரும் கொடுக்கமாட்டார். பைக்குள் இருப்பதைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டு போக வருபவருக்கோ கதிரை போட்டுத் தேநீரும் கொடுத்து அனுப்புகிறோம். அவர் யார், எதற்காக எடுக்கிறார், எடுத்ததை எங்கே வைப்பார், யாருக்குக் கொடுப்பார் என்ற கேள்விகள் எம்மத்தியில் எழுவது குறைவு. இது பற்றிச் சிந்திக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே எமது கருத்தாகும்.

எத்தனை தடவை எழுதிக் கொடுத்தோம்?

கணக்கெடுத்துப் பார்ப்போம். முகாமுக்கு வந்ததும் ஒரு பதிவு. உலருணவுக்கு ஒரு பதிவு. மீள்குடியேற்றத்துக்கு ஒரு பதிவு. வீட்டுத் திட்டத்துக்கு, மலசலகூடத்துக்கு, கோழிக்குஞ்சுக்கு, விதைநெல்லுக்கு ஒவ்வொரு பதிவு. 2009 இல் வவுனியா மாவட்ட முகாம்களில் அடைபட்டிருந்த இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் எத்தனை தரப்பினருக்கு எத்தனை தடவை தம் பெயரைச் சொன்னார்கள் என்பதை எண்ணிச் சொல்ல எவராலும் முடியாது. காணாமற் போன பிள்ளைகளின் விபரங்களைத் தாய்மார் ஆணைக்குழுவுக்குப் பின் ஆணைக்குழுவாக எழுதிக் கொடுத்தனர்.

பின்னரும் இது நிற்கவில்லை. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் செசி இலக்கத்தையும் கணனியிற் பதிந்து கியூ.ஆர். குறியீடு பெற்றவர்களுக்கே பெற்றோல் கிடைத்தது. 2023 இல் அஸ்வெசும திட்டத்துக்காக வீட்டின் கூரை முதல் மின்கட்டணம் வரை கேட்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் நாட்டைப் புரட்டிப்போட்டபின் மீண்டும் படிவங்கள், மீண்டும் படங்கள், மீண்டும் கணக்கிலக்கங்கள்.

பதிவு கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. பதிவில்லாதவனுக்குப் பங்கீடும் இல்லை. பெயர் விடுபட்டுப் போவதைவிடப் பெரிய பயம் இடம்பெயர்ந்தவனுக்குக் கிடையாது. உறுதி எரிந்துபோன பலருக்குக் காணிப் பதிவகத்திலும் பிரதேச செயலகத்திலும் இருந்த பழைய பதிவுகளே கைகொடுத்தன. ஆகவே கேள்வி பதிவதா, விடுவதா என்பதல்ல. பதிந்தவரின் பொறுப்பு என்ன என்பதே கேள்வி.

கடதாசியும் கணனியும் ஒன்றல்ல

முன்னைய காலத்தில் விதானையாரிடம் கொடுத்த படிவம் கச்சேரி அலுமாரிக்குள் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்ப்பதென்றால் ஒருவர் அங்கே போக வேண்டும், தூசி தட்ட வேண்டும், பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். சில வருடங்களில் கறையான் அதை முடித்துவிடும். கடதாசியின் பலவீனமே எமக்கு ஒருவகைப் பாதுகாப்பாக இருந்தது.

கணனியில் இறங்கிய விபரத்தைக் கறையான் அரிப்பதில்லை. ஆயிரம் குடும்பங்களின் பட்டியலை ஒரு நொடியில் இன்னொருவருக்கு அனுப்பலாம். அனுப்பிய பின்னும் மூலப்பிரதி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே களவு போனதும் தெரியாது. அத்துடன், தனித்தனி இடங்களிற் கிடக்கும் பட்டியல்களை ஒன்றாகப் பின்னவும் முடியும். மருத்துவமனை ஒன்றில் இருப்பதையும், கடன் கொடுத்த நிறுவனத்தில் இருப்பதையும், தொலைபேசிக் கம்பனியில் இருப்பதையும் இணைத்துவிட்டால் ஒரு குடும்பத்தின் முழு வாழ்க்கையும் மேசையில் விரிந்துவிடும்.

அவற்றைப் பின்னுகின்ற நூல் எது? அடையாள அட்டை இலக்கம். அந்த இலக்கம் வெறும் இலக்கமல்ல என்பதை எமது வாசகர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பதைக் காட்டும். பெண்ணாயின் அத்துடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 85 என்று தொடங்கி அடுத்து 032 என்றிருந்தால் அவர் 1985 பெப்ரவரி 1 ஆம் திகதி பிறந்த ஆண். 532 என்றிருந்தால் அதே நாளிற் பிறந்த பெண். 2016 இலிருந்து வழங்கப்படும் 12 இலக்க அட்டையிலும் வருடம் நான்கு இலக்கமாக நீண்டதே தவிர முறை அதுதான்.

எனவே அறிவித்தற் பலகையில் பெயருக்குப் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி ஒட்டினால், அந்தக் குடும்பத்தலைவியின் வயதையும் பிறந்த நாளையும் ஊருக்கே ஒட்டியதாகும். வங்கிக்குத் தொலைபேசியிற் பேசும்போது நீங்கள் யார் என்று உறுதிப்படுத்துவதற்குக் கேட்பதும் பெரும்பாலும் இவற்றைத்தானே? சந்தியில் ஒட்டிய பட்டியலைப் படம் பிடித்துக்கொண்டு போனவன் இனி உங்கள் பெயரிற் பேசலாம்.

“ஒளிக்க எங்களிட்டை என்ன கிடக்கு?”

இவ்விடயம் பற்றி மக்களோடு பேசினால் மூன்று விதமான பதில்கள் கிடைக்கும்.

முதலாவது, “ஒளிக்க எங்களிட்டை என்ன கிடக்கு?” என்பது. களவெடுத்தவனுக்கும் கள்ளக்கடத்தல்காரனுக்குமே இரகசியம் வேண்டும், உழைத்துச் சாப்பிடுபவனுக்கு எதற்கு என்ற நியாயம் இது. நேர்மையான மனிதர்களின் பதில் என்பதால் இதனை நாம் மதிக்கிறோம். ஆயினும் வீட்டுக்குக் கதவு போடுவது உள்ளே களவுப்பொருள் இருப்பதால் அல்ல. தற்காலிகக் கொட்டிலிலும் எமது பெண்கள் சேலையைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டினார்களே, அவர்கள் எந்தக் குற்றத்தை மறைத்தார்கள்? மறைப்பு என்பது மானத்துக்குரியது.

இரண்டாவது, “கேள்வி கேட்டால் பெயரை வெட்டிப் போடுவினம்” என்பது. இது பயத்தின் பதில். இந்தப் பயம் ஆதாரமற்றதென்று எவரும் சொல்ல முடியாது. பசித்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் தாய், படிவத்தின் ஆறாவது கேள்விக்கு என்ன காரணம் என்று கேட்கப் போவதில்லை. அவளுடைய கையொப்பத்தைச் சம்மதம் என்று கோப்பில் எழுதிக்கொள்வது சரியா? மறுக்க முடியாதவளின் ஆம் என்ற சொல்லை முழுச் சம்மதமாக நாம் ஏற்பதற்கில்லை.

மூன்றாவது, இளையோரின் பதில். “எல்லாம் ஏற்கெனவே போனுக்குள்ளை போட்டாச்சு, இனி என்ன?” என்கிறார்கள். மழைக்கு முகடு ஒழுகுகிறது என்பதற்காகச் சுவரையும் இடித்துவிடுவதில்லை. பிறந்த திகதி போய்விட்டதென்றால் கைரேகையும் போகட்டும் என்பது நியாயமாகாது. வங்கியின் இரகசிய இலக்கம் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகையையும் கண்ணின் கருவிழிப் படத்தையும் மாற்ற முடியாது. இந்திய உதவியுடன் இலங்கையில் எண்முறை அடையாள அட்டைத் திட்டம் ஒன்றுக்கு 2022 இல் உடன்பாடு செய்யப்பட்டது. முகம், கைரேகை, கருவிழி ஆகிய மூன்றையும் சேகரிப்பதாகவே அத்திட்டம் வகுக்கப்பட்டது. அத்தகையதொரு திட்டத்தைப் பற்றிக் கேட்டறியும் உரிமை கொழும்பிலுள்ள படித்தவர்களுக்கு மாத்திரம் உரியதல்ல.

பட்டியல் கைமாறிய கதைகள்

நல்ல நோக்கத்துக்காக எழுதப்பட்ட பட்டியல் தீயவர் கையிற் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை எமக்கு வெளிநாட்டவர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1983 யூலையில் கொழும்பிலே தமிழரின் வீடுகளையும் கடைகளையும் தேடிப்போன கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. வாக்களிப்பதற்காகப் பதிந்த பெயர் வீட்டை எரிப்பதற்கு வழிகாட்டியது. 2011 இன் தொடக்கத்தில் யாழ். குடாநாட்டிலும் வன்னியிலும் இராணுவத்தினர் குடும்பங்களைப் படங்களுடன் பதியத் தொடங்கியபோது மக்கள் கலங்கியதற்கு இந்த நினைவே காரணம். அது நீதிமன்றம் வரை போனது. பதிவை நிறுத்துவதாக அரச தரப்பு உயர் நீதிமன்றத்துக்கு உறுதியளித்தது.

நெதர்லாந்து நாட்டில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே குடிமக்களின் பெயர், விலாசம், சமயம் என்பன மிக ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தன. பதிந்தவர்கள் கெட்ட எண்ணத்துடன் பதியவில்லை. 1940 இல் நாசிப் படைகள் நாட்டைப் பிடித்தபோது அந்த ஒழுங்கே அவர்களுக்கு உதவியது. அந்நாட்டு யூதர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச் 27 ஆம் திகதி சில துணிந்த மனிதர்கள் அம்ஸ்ரர்டாம் நகரப் பதிவகத்துக்குத் தீ வைத்தார்கள். அதற்காக அவர்களிற் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மனிதரைக் காப்பதற்காகப் பட்டியலை எரிக்க வேண்டிய நிலை வந்ததை எண்ணிப் பாருங்கள்.

எம்மைப் போன்ற அகதிகளின் அண்மைய அனுபவம் ஒன்றும் உண்டு. மியன்மாரிலிருந்து 2017 இல் பங்களாதேஷுக்குத் தப்பியோடிய ரோகிங்யா மக்களை அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகர் அலுவலகமும் பங்களாதேஷ் அரசும் சேர்ந்து பதிந்தன. கைரேகையும் படமும் எடுக்கப்பட்டன. நிவாரணத்துக்கு வேண்டிய அட்டையும் கொடுக்கப்பட்டது. அந்த விபரங்கள் பங்களாதேஷ் அரசினால் மியன்மார் அரசுக்கே, அதாவது யாருக்குப் பயந்து அவர்கள் ஓடி வந்தார்களோ அவர்களுக்கே, கையளிக்கப்பட்டன என்று மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2021 யூனில் வெளிப்படுத்தியது. மக்களின் சம்மதம் பெற்றே செய்ததாக ஐ.நா. அலுவலகம் கூறியது. அட்டைக்காகவே கொடுத்தோம், இதற்கென்று எமக்குச் சொல்லவில்லை என்று பேட்டி காணப்பட்ட அகதிகள் பலர் கூறினர். வரிசையில் நிற்பவளின் கையொப்பம் பற்றி மேலே சொன்னோமே, அதன் பொருள் இங்கே விளங்கும்.

கெட்ட எண்ணம் எவரிடமும் இல்லாதபோதும் ஆபத்து வரலாம். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் கணனிகளுக்குள் யாரோ ஊடுருவியது 2022 ஜனவரியில் தெரியவந்தது. 5 இலட்சத்து 15 ஆயிரத்துக்கும் அதிகமான மக்களின் விபரங்கள் அம்பலமாயின. அவர்கள் யார்? போரிலும் பேரழிவிலும் உறவுகளைப் பிரிந்தவர்கள், காணாமற் போனவர்களும் அவர்களைத் தேடிய குடும்பத்தினரும், தடுத்து வைக்கப்பட்டவர்கள். உலகில் இரகசியம் காப்பதற்குப் பேர்பெற்ற நிறுவனத்துக்கே இக்கதியென்றால், ஒரு மடிக்கணனியில் எல்லாவற்றையும் வைத்திருக்கும் சிறிய நிறுவனத்தின் நிலை என்ன?

இன்றைய சில்லறை ஆபத்துகள்

பெரிய கதைகள் ஒருபுறமிருக்க, நாளாந்தம் நடப்பவையும் உண்டு. கைத்தொலைபேசியில் உடனடிக் கடன் தருவதாகச் சொல்லும் சில செயலிகள், கடனைக் கொடுக்குமுன் தொலைபேசியிலுள்ள பெயர்ப்பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கின்றன. விதைப்புக் காலத்தில் பசளைக்குப் பணமில்லாதவன் அவசரத்தில் அனுமதியை அழுத்திவிடுவான். தவணை பிந்தினால் அவனுடைய மைத்துனனுக்கும் மகளின் ஆசிரியைக்கும் தொலைபேசி போகிறது. கடனை வாங்கியவர் ஒருவர், மானம் போவது குடும்பத்துக்கு.

“நிவாரணம் வந்திருக்கிறது, உங்கள் தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்று அழைப்பவர்கள் இருக்கிறார்கள். பெயரும் ஊரும் கணக்கிலக்கமும் சரியாகச் சொல்வதால் மக்கள் நம்பிவிடுகிறார்கள். அந்த இலக்கத்தைச் சொன்ன மறுகணம் கணக்கு வெறுமையாகும். எந்த வங்கியும் எந்தச் செயலகமும் அந்த இலக்கத்தைத் தொலைபேசியிற் கேட்பதில்லை என்பதை வீட்டிலுள்ள வயோதிபர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது படம். ஐந்து கிலோ அரிசியைக் கொடுக்கும்போது பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து முகநூலிற் போடுவது வழமையாகிவிட்டது. அரிசி ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கையேந்தி நின்ற பெண்ணின் முகம் என்றைக்கும் அங்கே கிடக்கும். அவளின் மகள் வளர்ந்து வேலைக்கு விண்ணப்பிக்கும் காலத்திலும் கிடக்கும். வலது கை கொடுப்பதை இடது கை அறியாதிருக்க வேண்டுமெனக் கற்ற கிறிஸ்தவர்கள் இதனைச் செய்யலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையின் அரசியலமைப்பில் அந்தரங்கத்துக்கான உரிமை ஒரு தனி அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. இந்தியாவிலும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசுவாமி தொடுத்த ஆதார் அட்டை பற்றிய வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்து அது அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர்.

எமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அது தனியார் நிறுவனங்களை மாத்திரமல்ல, அரச நிறுவனங்களையும் கட்டுப்படுத்துவதற்காக ஆக்கப்பட்டது. சொன்ன நோக்கத்துக்கு வேண்டியதை மட்டுமே எடுக்க வேண்டும், தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது, பாதுகாப்பாக வைக்க வேண்டும், உரியவர் கேட்டால் காட்டவும் பிழையைத் திருத்தவும் வேண்டும் என்பன அதன் சாரம். இனம், சமயம், அரசியற் கருத்து, நோய், கைரேகை போன்றவற்றுக்கு விசேட பாதுகாப்பு உண்டு. முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருமென்று முதலில் அறிவிக்கப்பட்டிருந்தது. பின்னர் அத்திகதி தள்ளிப்போடப்பட்டது. பதிவதற்கு இருந்த அவசரம் பாதுகாப்பதற்கு இருக்கவில்லை என்பதையே இது காட்டுகிறது.

கையிலுள்ள இன்னொரு கருவி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரச அலுவலகம் ஒன்று எமது கிராமத்தில் எடுத்த பதிவு எந்தத் திட்டத்துக்கு, எவருடன் பகிரப்பட்டது என்று அங்குள்ள தகவல் அலுவலரிடம் எழுத்திற் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்லிக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

என்ன செய்யலாம்?

தனி ஒருவர் கேள்வி கேட்டால் அவர் குழப்பக்காரர் ஆகிவிடுவார். ஆகவே சங்கமாகக் கேட்போம். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்கார அமைப்பு என்பன தமது அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுக்கலாம். கிராமத்துக்குப் பதிவெடுக்க வரும் எவரும் முதலில் சங்கத்துக்கு ஐந்து கேள்விகளுக்கு விடை சொல்லட்டும்.

1. நீங்கள் யார், எந்த நிறுவனம்?
2. இந்த விபரம் எதற்கு? ஒவ்வொரு கேள்வியும் அதற்கு அவசியமா?
3. யாருக்குக் கொடுப்பீர்கள்? யாருக்குக் கொடுக்கமாட்டீர்கள்?
4. எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? பின்னர் அழிப்பீர்களா?
5. ஒரு கேள்விக்கு விடை தராவிட்டால் உதவி நிறுத்தப்படுமா?

விடைகளைச் சங்கத்தின் அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டைப் பிரதி கொடுக்கும்போது அதன் குறுக்கே எந்தத் தேவைக்கு, எத்திகதியிற் கொடுத்தது என்று எழுதிக் கொடுங்கள். உறுதியின் படத்தை வட்ஸ்அப் குழுக்களிற் போடாதீர்கள்.

உதவி செய்யும் நிறுவனங்களுக்கும் நாம் ஒன்று சொல்வோம். இதில் திருச்சபையின் நிறுவனங்களுக்கும் விலக்கு இல்லை. உதவி வழங்குவோர் கேட்கிறார்கள் என்பதற்காகத் தேவையற்ற கேள்விகளைப் படிவத்திற் சேர்க்காதீர்கள். பட்டியலை ஒட்டவேண்டுமாயின் பதிவு இலக்கத்தை மட்டும் ஒட்டுங்கள். விதவை, ஊனமுற்றவர், முன்னாள் போராளி என்ற சொற்களைப் பெயருக்குப் பக்கத்தில் ஊர் பார்க்க எழுதாதீர்கள். பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்தை உயிரைக் கொடுத்தும் காக்கும் மரபு எமக்கு உண்டு. துன்பப்பட்டவர் நம்பிச் சொன்ன விபரத்துக்கு அந்த மரியாதையிற் சிறுபங்காவது வேண்டாமா?

இயேசு பிறந்ததும் ஒரு குடிசன மதிப்பின் காலத்திலேதான். பதிவதற்காக நிறைமாதக் கர்ப்பிணி வழிநடந்தாள். அதே காலத்தில் ஏரோது அரசன் ஞானிகளிடம் ஒரு விபரம் கேட்டான். குழந்தை எங்கே இருக்கிறதென்று சொல்லுங்கள், நானும் வந்து வணங்க வேண்டும் என்றான். சொன்ன நோக்கம் வணக்கம், உள்ளே இருந்த நோக்கம் கொலை. ஞானிகள் அரசனிடம் திரும்பவில்லை, வேறு வழியாகத் தங்கள் நாட்டுக்குப் போனார்கள். பதிவு வேண்டிய இடத்திற் பதிந்த மரியாளும் சூசையும் நல்லவர்களே. கேட்டவனின் நோக்கத்தை அறிந்து சொல்லாமற் போன ஞானிகளும் நல்லவர்களே. எங்கே சொல்வது, எங்கே சொல்லாமல் விடுவது என்று பகுத்தறியும் விவேகமே எமது கிராமங்களுக்கு இன்று வேண்டியது. அடுத்த படிவம் வருமுன் அதனை நாம் சேர்ந்து பழகிக்கொள்வோமாக.